மென்பொருளிலிருந்து மனிதவளத் துறைக்கு மாற எந்தக் கல்லூரி?

கோவைவாசி:
எனக்கு வயது 29. ஆறு ஆண்டுகளாக மென்பொருள் சோதனைப் பிரிவில் பணியாற்றுகிறேன். புதியவர்களுக்குப் பயிற்சி அளிக்கும் பொறுப்பைச் சில காலம் ஏற்றிருந்ததில், மனிதவளத் துறைக்கே மாறிவிடலாம் என்ற எண்ணம் வலுத்துவிட்டது. வீட்டுக் கடன் இருப்பதால் இரண்டு ஆண்டுகள் சம்பளமின்றி இருப்பது எளிதன்று. ஐஐஎம்களின் ஓராண்டு எம்பிஏ போதுமா, அல்லது மனிதவளப் படிப்புக்குப் பெயர்பெற்ற எக்ஸ்எல்ஆர்ஐ போன்ற கல்லூரிகளில் ஈராண்டு படித்தே ஆக வேண்டுமா?

ஒரகடத்துக்காரர்:
ஓராண்டுப் படிப்புகள் பெரும்பாலும் பொது மேலாண்மைக்கானவை; ஏற்கெனவே செய்துவரும் வேலையில் மேலே ஏறுவதற்கு அவை உதவும் அளவுக்குத் துறை மாறுவதற்கு உதவுவதில்லை. ஈராண்டுப் படிப்பில் முதலாண்டின் முடிவில் வரும் இரண்டு மாதக் கோடைக்காலப் பயிற்சிதான் உங்களைப் போன்றவருக்கு உண்மையான வாசல், ஏனெனில் மனிதவளத்தில் இன்னது செய்தேன் என்று சொல்ல உங்களிடம் இருக்கப்போவது அது ஒன்றுதான். 1949இல் தொடங்கிய ஜாம்ஷெட்பூர் எக்ஸ்எல்ஆர்ஐக்கு எக்ஸ்ஏடி என்னும் நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். 1936இல் தொடங்கிய மும்பை டாடா சமூக அறிவியல் நிறுவனத்தின் (டிஸ்) மனிதவளப் படிப்பு நெடுங்காலம் எம்.ஏ. பட்டமாகவே இருந்தது, எம்பிஏ இல்லையே என்று எந்த நிறுவனமும் அதைத் தள்ளியதாக நான் பார்த்ததில்லை. குர்கானில் உள்ள எம்டிஐ மேலாண்மைக் கல்லூரி, ஐஐஎம் ராஞ்சி ஆகியவற்றிலும் மனிதவளத்துக்கெனத் தனிப் படிப்பு உண்டு.

நேர்முகத் தேர்வில் "எனக்கு மனிதர்களோடு பழகப் பிடிக்கும்" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். எங்கள் ஆலையில் ஊதிய உயர்வுப் பேச்சுவார்த்தை நள்ளிரவைத் தாண்டியும் நடந்தபோது, கேன்டீன் சாம்பாரைப் பற்றிய புகாரில் தொடங்கிய பேச்சு, தொழிலாளர் துறை அலுவலரின் சமரசத்தில் கையெழுத்தாகும் 12(3) ஒப்பந்தத்தில் வந்து முடிந்தது. அந்த மேசையில் அன்பாகப் பழகுவதைவிடப் பொறுமையும் சட்ட அறிவுமே கைகொடுத்தன.

எழும்பூர் மாணவி:
செலவுதான் தடை என்றால், எழும்பூரில் 1952 முதல் இயங்கிவரும் சென்னை சமூகப்பணிக் கல்லூரியின் மனிதவள எம்.ஏ.வையும் பாருங்கள். வாரந்தோறும் களப்பணிக்குச் சென்றதால், வருகைப் பதிவேட்டையும் கூடுதல் நேரக் கணக்கையும் வகுப்பில் படிப்பதற்கு முன்பே கையால் தொட்டுப் பார்த்துவிட்டேன். ஐந்நூறு அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளர்கள் உள்ள ஆலைகள் நலவாழ்வு அலுவலரை நியமிக்க வேண்டும் என்று 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் சொன்னதால், ஆலை வேலைக்கு எங்களைப் போன்றோரைத் தேடி வருவது பழைய வழக்கம். ஆனால் பன்னாட்டு நிறுவனங்களின் தலைமையகப் பதவிதான் இலக்கு என்றால், ஒரகடத்துக்காரர் சொன்ன கல்லூரிகளுக்கு முயல்வதே சரி.

கணக்குப்பிள்ளை:
வேலையை விடுவதற்கு முன், உங்கள் நிறுவனத்திலேயே பயிற்சிப் பிரிவுக்கோ ஆள்சேர்ப்புக்கோ மாற்றல் கேட்டுப் பாருங்கள். கிடைக்காவிட்டாலும் ஒரு மாதச் சம்பளப் பட்டியலை எடுத்து, வருங்கால வைப்பு நிதிக்கு 12 விழுக்காடு, பணிக்கொடைக்குக் கடைசிச் சம்பளத்தில் 26இல் 15 பங்கைப் பணியாண்டுகளால் பெருக்குவது என்று நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள். அதில் சலிப்புத் தட்டினால், இந்தத் துறை உங்களுக்கு ஒத்துவராது என்பது கடன் வாங்கிப் படிப்பதற்கு முன்பே தெரிந்துவிடும்.

கோவைவாசி:
மூவருக்கும் நன்றி. ஓராண்டுப் படிப்பை விட்டுவிட்டேன். வரும் நவம்பரில் ஐஐஎம் முதலியவற்றுக்கான கேட் நுழைவுத் தேர்வு, ஜனவரியில் எக்ஸ்ஏடி இரண்டையும் எழுதுகிறேன். அதற்கிடையில் பயிற்சிப் பிரிவு மேலாளரிடம் திங்களன்று பேச நேரம் கேட்டிருக்கிறேன்.