வேட்டைத் தடுப்புக் காவலர்களுக்குக் கணக்கெடுப்புப் பயிற்சி: 22 பேர், 5 நாள். எதிலிருந்து தொடங்குவது?

உன்னிச்செடி:

வணக்கம். மேற்குத் தொடர்ச்சி மலையில் உள்ள ஒரு புலிகள் காப்பகத்தில், ஒரு சரகத்துக்கு (ரேஞ்ச்) மட்டும் புலி, மான் கணக்கெடுப்புக்கான களப்பயிற்சித் திட்டம் போட வேண்டியிருக்கிறது. மொத்தம் 6 முகாம்கள், 22 வேட்டைத் தடுப்புக் காவலர்கள், 5 வனக்காப்பாளர்கள். காவலர்களில் பாதிக்கு மேல் பழங்குடியினர். காடு அவர்களுக்குத் தண்ணீர் பட்ட பாடு, ஆனால் எட்டு பேருக்கு எழுதப் படிக்க வராது. கையில் இருப்பது 40 தானியங்கி கேமராக்கள், 2 ரேஞ்ச்ஃபைண்டர் (தூரம் அளக்கும் கருவி), 3 காம்பஸ். சரகப் பரப்பு சுமார் 80 சதுர கி.மீ.

அனுமதி கிடைத்திருப்பது 5 நாளுக்கு. நான் போட்டு வைத்திருப்பது: முதல் இரண்டு நாள் வகுப்பு (சட்டம், விலங்கியல், ரோந்தைப் போனில் பதியும் எம்-ஸ்ட்ரைப்ஸ் செயலி), மூன்றாம் நாள் கேமரா, நான்காம் நாள் டிரான்செக்ட் (நேர்கோட்டில் நடந்து, தென்படும் விலங்குகளை எண்ணித் தூரத்தைப் பதிவது), ஐந்தாம் நாள் தேர்வும் சான்றிதழும். அதற்குப் பிறகு 40 கேமராவையும் 40 இடத்தில் கட்டிவிடலாம் என்று யோசனை.

போன முறை வந்த டிரான்செக்ட் படிவங்களில் விலங்கு நின்ற தூரமெல்லாம் 10, 20, 30 என்றே இருந்தது. சில கேமராப் படங்களில் ஆண்டே தப்பு. பல தாள்கள் காலி. இது மறுபடி நடக்கக் கூடாது. எங்கே மாற்ற வேண்டும்?

கூப்புரோடு:

முதலில் அந்த 40 இடத்தை விட்டுவிடுங்கள். உங்களிடம் இருப்பது 20 நிலையங்களுக்கான கேமரா. புலியின் இடப்பக்க வரியும் வலப்பக்க வரியும் ஒன்றுபோல் இருக்காது. ஒரு பக்கம் மட்டும் எடுத்தால் ஒரே புலி இரண்டு புலியாகக் கணக்கில் ஏறும், அல்லது அடையாளமே காண முடியாமல் போகும். அதனால் தடத்துக்கு இருபுறமும் ஒவ்வொன்று, ஜோடியாகத்தான் வேண்டும். 2 சதுர கி.மீ. கட்டத்துக்கு ஒரு நிலையம் என்று வைத்தால் 80 சதுர கி.மீ.க்கு 40 நிலையம். ஆகவே சரகத்தை இரண்டாகப் பிரித்து, பாதிக்கு 25 நாள் வைத்து, பிறகு மறுபாதிக்கு நகர்த்துங்கள். இரண்டும் சேர்ந்து 60 நாளைத் தாண்ட வேண்டாம். இழுத்துக்கொண்டே போனால் புலி பிறக்கும், சாகும், இடம் மாறும். அந்தக் காலத்தில் எண்ணிக்கை மாறவில்லை என்று வைத்துத்தான் கணக்கே போடுகிறார்கள்.

இரண்டு நாள் வகுப்பு வேண்டாம். அரை நாள் போதும், அதுவும் முகாம் திண்ணையில். ஐந்து நாளையும் ஒட்டி வைக்காமல் 2 + 2 + 1 என்று உடைக்க முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். நடுவில் பத்துப் பன்னிரண்டு நாள் அவரவர் பீட்டிலேயே (காவலுக்குப் பிரித்த பகுதி) செய்து பார்க்கட்டும். தொடர்ச்சியாக ஐந்து நாள் சொல்லிக்கொடுத்தால் ஐந்தாம் நாள் தேர்வில் எல்லோரும் தேறுவார்கள், இருபதாம் நாள் பாதி மறந்திருக்கும்.

கேமராவில் வழக்கமாகத் தப்பாகும் இடங்கள் இவை.

உயரம். 40 முதல் 45 செ.மீ. என்று சொல்லிக்கொடுத்ததும், மரத்தடித் தரையிலிருந்து அளந்து கட்டிவிடுவார்கள். அளக்க வேண்டியது விலங்கு நடக்கும் தடத்தின் மட்டத்திலிருந்து. சரிவில் இரண்டுக்கும் ஒரு முழம்கூட வித்தியாசம் வரும். படத்தில் புலியின் முதுகு மட்டும் தெரியும். தட நடுவிலிருந்து கேமரா 3 முதல் 4 மீட்டர் தள்ளி இருக்கட்டும். எதிரெதிர் கேமராக்களை நேருக்கு நேர் வைத்தால் ஒன்றின் ஃப்ளாஷ் இன்னொன்றின் படத்தை வெளுக்கடித்துவிடும். ஓர் அடி விலக்குங்கள்.

கட்டி முடித்ததும் ஒருவர் கையும் காலும் ஊன்றித் தவழ்ந்து போக வேண்டும், இரண்டு பக்கத்திலிருந்தும். சிரிப்பார்கள், சிரிக்கட்டும். நின்று நடந்து பார்த்தால் அது சோதனையே இல்லை.

ஆண்டு தப்பாவதற்குக் காரணம் பேட்டரி. கழற்றி மாட்டும்போது சில மாடல்களில் கடிகாரம் தொடக்கத் தேதிக்குத் திரும்பிவிடும். மாதம் முன்னால் வரும் அமெரிக்க முறை இன்னொரு குழப்பம்: 05/03 என்பது மார்ச் 5-ஆ, மே 3-ஆ? மருந்து ஒன்றுதான். கேமராவைத் திறக்கும் ஒவ்வொரு முறையும், போகும் முன்னும் வந்தவுடனும், தேதியும் நேரமும் தெரியும்படி செல்போன் திரையையும் நிலைய எண் எழுதிய சிலேட்டையும் கேமரா முன் காட்டிப் படமெடுக்க வேண்டும். கடிகாரம் தப்பாகவே இருந்தாலும், எவ்வளவு தப்பு என்பது அந்தப் படத்தில் இருக்கும், பிறகு திருத்திவிடலாம். அது இல்லையென்றால் 25 நாள் உழைப்பு வீண்.

கார்டை எடுக்கும் முன் கேமராவை அணைக்க வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும்போது உருவினால் கார்டு கெட்டுப்போகும். ஃபார்மட் செய்வதும் அந்தக் கேமராவிலேயே.

புல்லை வெட்டச் சொல்லுங்கள், ஆனால் லென்ஸுக்கு முன்னால் மட்டும். கிழக்கையோ மேற்கையோ நேரே பார்க்க வைத்தால் காலை மாலை வெயிலுக்கே நூற்றுக்கணக்கில் வெற்றுப் படம் சேரும். வெற்றுப் படம் எப்படியும் வரும், அதைச் சொல்லி யாரையும் திட்டாதீர்கள். 2018 தேசியக் கணக்கெடுப்பில் சுமார் 3.48 கோடிப் படங்கள் எடுத்ததில் புலி இருந்தது 76,651-இல் மட்டும்.

மூன்றாவது நடை:

கேமராவைப் பற்றி மேலே சொல்லியாயிற்று. அந்த 10, 20, 30-க்கு வருகிறேன். அது சோம்பல் இல்லை. ரேஞ்ச்ஃபைண்டர் இல்லாதவர் கண்மதிப்பில் எழுதினால் அப்படித்தான் வரும். 22 பேருக்கு 2 கருவி என்றால் மீதிப் பேர் வேறென்ன செய்வார்கள்? கருவி இருக்கும் ஜோடி மட்டும் டிரான்செக்ட் நடக்கட்டும், மற்றவர்கள் கால்தடம், எச்சம் போன்ற தடயத் தேடலுக்குப் போகட்டும். காலைக்கு இரண்டு டிரான்செக்ட்தான் முடியும் என்றால் அதுவே போதும். ஒரே கோட்டை மூன்று வெவ்வேறு காலைகளில் நடக்க வேண்டும், கருவி சுற்றி வரும்.

பயிற்சிக்கு மான் தேவையில்லை. முகாம் பக்கத்தில் 300 மீட்டர் கயிற்றுக் கோடு போட்டு, இருபுறமும் புதருக்குள் 20 சாக்குகளை நிறுத்துங்கள். ஒவ்வொன்றின் செங்குத்துத் தூரத்தையும் (கோட்டிலிருந்து நேர்க்குறுக்காக எவ்வளவு தள்ளி என்பதை) டேப்பால் அளந்து நீங்கள் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு ஜோடியும் நடந்து, தூரமும் கோணமும் எழுதி வரட்டும். பிறகு ஒப்பிடுங்கள். என் அளவுகோல்: 30 மீட்டருக்குள் தூரப் பிழை 1 மீட்டருக்கு மேல் போகக் கூடாது, கோணம் 5 டிகிரிக்கு மேல் பிசகக் கூடாது. எத்தனை சாக்கைப் பார்க்காமல் போனார்கள் என்பதும் தெரிந்துவிடும். கோட்டின் மேலேயே இருப்பதைத் தவறவிட்டவர்களை இன்னொரு முறை நடக்க விடுங்கள், ஏனென்றால் கோட்டின் மேலுள்ள விலங்கு கட்டாயம் கண்ணில் படும் என்பதன் மேல்தான் முழுக் கணக்கும் நிற்கிறது.

தூரத்தைவிடக் கோணத்தில்தான் அடி விழும். மான் கூட்டம் 60 மீட்டரில் நிற்கிறது. கோட்டிலிருந்து 10 டிகிரி என்றால் செங்குத்துத் தூரம் 10.4 மீட்டர். அதையே 20 டிகிரி என்று எழுதினால் 20.5. இரு மடங்கு! இடுப்பில் அரிவாள் தொங்க, கையில் டார்ச்சோடு காம்பஸ் பார்த்தால் முள் இழுத்துக்கொள்ளும். இரும்பைக் கூட வருபவரிடம் கொடுத்துவிட்டு, இரண்டடி விலகச் சொல்லிவிட்டுப் பாருங்கள். அந்த இடத்தில் கோடு போகும் திசையையும் எழுத வேண்டும், விலங்கின் திசையை மட்டும் எழுதினால் கோணம் கிடைக்காது.

இன்னும் இரண்டு தப்புகள். விலங்கு ஓடி நின்ற இடத்தை அளப்பது. முதலில் பார்த்தபோது நின்ற இடம்தான் வேண்டும். அடுத்தது, உன்னிப் புதருக்குள் நிற்கும் மானைக் குறிவைத்தால் கருவி முன்னால் இருக்கும் இலையின் தூரத்தைக் காட்டும். பக்கத்தில் உள்ள அடிமரத்தைக் குறிவையுங்கள். கூட்டமாக இருந்தால் கூட்டத்தின் நடுவுக்கு ஒரு தூரம், எத்தனை என்று ஓர் எண், அவ்வளவுதான்.

கோட்டின் மேல் 400 மீட்டருக்கு ஒருமுறை, 15 மீட்டர் ஆரமுள்ள வட்டத்துக்குள் தாவரப் பதிவு வரும். 15 மீட்டர் கயிறு ஒன்று வெட்டிக் கொடுத்துவிடுங்கள். கண்ணால் வட்டம் போடுபவர் எவரும் 15 மீட்டருக்குப் போடுவதில்லை, பத்தோடு நின்றுவிடுவார்கள்.

உன்னிச்செடி:

மிக்க நன்றி, சாக்கு யோசனை அருமை. எழுதப் படிக்க வராத எட்டு பேரை என்ன செய்வது? கேமரா தூக்குவது, பாதை சீர் செய்வது என்று வைத்துக்கொள்ளலாமா?

லத்திக்கணக்கு:

வேண்டவே வேண்டாம். அந்த எட்டு பேரில்தான் உங்கள் ஆகச் சிறந்த தடயக்காரர்கள் இருப்பார்கள். அவர்களைச் சுமை தூக்க வைத்துவிட்டுப் பிளஸ் டூ படித்தவரைக் கால்தடம் பார்க்கச் சொன்னால் நாய்த்தடமெல்லாம் சிறுத்தையாகிவிடும். ஜோடி போடும்போது கண் ஒருவர், கை ஒருவர். தடயத்தைக் கண்டு சொல்பவர் அவர், பதிபவர் மற்றவர். தடயத் தேடலில் ஒரு பீட்டுக்கு 5 கி.மீ. வீதம் மூன்று நடை, மொத்தம் 15 கி.மீ. அந்த மூன்று நடைக்கும் முன்னால் போக வேண்டியவர் அவர்தான்.

அதற்கு முன் பெயர்களைச் சரி பாருங்கள். நெல்லை, குமரிப் பக்கம் மிளா என்பதும் வடக்கே கடமான் என்பதும் ஒன்றுதான். காட்டெருமை, காட்டுமாடு, காட்டெருது எல்லாம் ஒரே விலங்கு. கேளையாட்டையும் சருகுமானையும் மாற்றிச் சொல்பவர்கள் உண்டு. முதல் நாள் படங்களை விரித்துவைத்து, அவர்கள் மொழியில் என்ன பெயர் என்று கேட்டு அட்டவணை எழுதுங்கள். செயலியில் எந்தப் பெயரைத் தொட வேண்டும் என்பதை அந்த அட்டவணையிலிருந்து சொல்லிக்கொடுங்கள். லேமினேட் செய்து முகாமுக்கு ஒன்று.

காலித் தாள் பற்றி. 'ஒன்றும் இல்லை' என்பதும் தரவு என்று யாரும் அவர்களுக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள். நடந்தும் எதுவும் கிடைக்கவில்லை என்றால் 0 எழுத வேண்டும். காலியாக விட்டால், நடக்கவில்லையா, கிடைக்கவில்லையா என்று யாருக்குத் தெரியும்? இதற்குப் பின்னால் பயமும் இருக்கிறது. தடயம் குறைந்தால் அந்தப் பீட்டுக்காரர் ஒழுங்காகக் காவல் பார்க்கவில்லை என்று மேலே எடுத்துக்கொள்வார்கள் என்ற பயம். அந்தப் பயம் இருக்கும்வரை புலி எண்ணிக்கை குறையவே குறையாது, காகிதத்தில். ராஜஸ்தானின் சரிஸ்கா புலிகள் காப்பகத்தில் புலியே இல்லை என்பது 2005-இல் வெளிப்பட்டதும், கால்தட அச்சை வைத்து எண்ணும் பழைய முறையை விட்டு 2006-இல் இப்போதைய முறைக்கு வந்ததும் எதனால் என்பதை உங்கள் அரை நாள் வகுப்பில் பத்து நிமிடம் சொல்லுங்கள். சட்டப் பிரிவுகளைவிட அது மனதில் நிற்கும்.

எம்-ஸ்ட்ரைப்ஸில் நடைப்பாதை நடுவில் அறுந்து அறுந்து வந்தால் ஆளைக் குற்றம் சொல்லும் முன் போனைப் பாருங்கள். பேட்டரி சேமிப்பு முறை பின்னணியில் ஓடும் செயலியை நிறுத்திவிடும். அமைப்புகளில் இந்தச் செயலிக்கு மட்டும் அதை விலக்கி வையுங்கள். பாதை நேர்கோடாகப் பாய்ந்து, வேகம் மணிக்கு 15 கி.மீ. காட்டினால், போன் பைக்கில் போயிருக்கிறது. வண்டி ரோந்து தப்பில்லை, நடை என்று பதிந்ததுதான் தப்பு. பதிவைத் தொடங்கும்போதே இரண்டையும் பிரித்துப் பதியப் பழக்குங்கள்.

கூப்புரோடு சொன்ன 2 + 2 + 1-இல் அந்தக் கடைசி ஒரு நாளைத் தேர்வுக்குச் செலவழிக்காதீர்கள். அவர்கள் எடுத்த படம், நடந்த பாதை, எழுதிய தூரம் எல்லாவற்றையும் சுவரில் போட்டுக் காட்டுங்கள். எது தப்பு என்று அவர்களே சொல்வார்கள்.

கூப்புரோடு:

ஒப்புக்கொள்கிறேன், ஒன்றைத் தவிர. எல்லோருக்கும் எல்லாம் கற்றுத்தர முயல வேண்டாம். முகாமுக்கு இரண்டு பேர் கேமராவில் கைதேர்ந்தால் போதும். ஒருவர் என்று வைக்காதீர்கள்: அவர் விடுப்பில் போனால், வேறு சரகத்துக்கு மாறினால், அன்றோடு முடிந்தது.

உன்னிச்செடி:

சரி, அப்படியே மாற்றிவிடுகிறேன். கடைசியாக ஒன்று: கார்டு, பேட்டரி எவ்வளவு வாங்கச் சொல்லலாம்?

கூப்புரோடு:

கார்டு 80. கேமராவுக்கு இரண்டு, ஒன்று உள்ளே, ஒன்று கைமாற்ற. காட்டில் உட்கார்ந்து நகலெடுக்கும் வேலையே வேண்டாம். கார்டு மேல் கேமரா எண்ணை அழியாத மையில் எழுதுங்கள். நகல் இரண்டு ஹார்டு டிஸ்கில், இரண்டும் வெவ்வேறு கட்டடத்தில்.

பேட்டரி உங்கள் மாடலைப் பொறுத்தது. 8 போடுவதென்றால் 40 கேமராவுக்கு ஒரு சுற்று 320, பாதியில் தீர்ந்துபோகும் பத்துக் கேமராவுக்கு மாற்ற 80 கூடுதல். பழையதும் புதியதும் கலக்கக் கூடாது, பலவீனமான ஒன்று மற்றதையும் இழுத்துவிடும். ரீசார்ஜ் வகை என்றால் ஒன்று 1.2 வோல்ட்தான், 1.5 இல்லை. உங்கள் கேமரா அதில் ஓடுமா என்று முகாமிலேயே மூன்று இரவு வைத்துப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

சிலிக்கா ஜெல்லை மறந்துவிடாதீர்கள். நிறம் மாறியதும் சட்டியில் லேசாகச் சூடாக்கினால் பழையபடி ஆகிவிடும், ஆனால் சோறு பொங்கும் சட்டியில் வேண்டாம். யானைக்குப் பயந்து இரும்புப் பெட்டி வாங்குவதென்றால், குச்சி நட்டு அதில் பூட்டாதீர்கள், யானை குச்சியோடு பிடுங்கிவிடும். பருத்த மரத்தில் கட்டுங்கள்.