நாலு மாதமாகச் சாப்பிடாத சிலியன் ரோஸ்: இரையை உள்ளேயே விடலாமா?

குளிர்வாசல்:
லண்டனில் ஒன்பது வருடமாக என்னோடு இருக்கும் சிலியன் ரோஸ் டரான்டுலா சிலந்தி, பெண், அக்டோபரிலிருந்து எதையும் தொடவில்லை. இப்போது பிப்ரவரி. ஞாயிறுதோறும் இரண்டு சுவர்க்கோழி போடுவேன், மறுநாள் எடுத்துவிடுவேன். இந்த வாரம் மனசு கேட்காமல் உள்ளேயே விட்டிருக்கிறேன். வயிறு வற்றவில்லை. வயிற்றின் மேல் முடி உதிர்ந்த இடம் மட்டும் கருத்திருக்கிறது. நண்பர் ஒருவர் எலிக்குட்டி போடச் சொல்கிறார். என்ன செய்யட்டும்?

மண்வளை:
இரை இருக்கட்டும். சிலியில் வளை வாசலுக்கு வந்த பூச்சியை யாரும் இடுக்கி போட்டு எடுப்பதில்லையே. இது ஓடிப் பிடிக்கிற பிராணி இல்லை, காத்திருந்து பிடிப்பது. என்னுடையது மூன்றாம் நாள் ராத்திரிதான் பிடித்தது. எலிக்குட்டியும் தப்பில்லை, நாலு மாதப் பட்டினி ஒரே வேளையில் தீரும்.

வெண்பல்:
இல்லை, இப்போதே எடுங்கள். அந்தக் கருப்பு, சட்டை உரிக்கப் போவதன் அடையாளம். காட்டில் என்றால் வளை வாசலை நூலால் அடைத்துவிட்டு உரிக்கும். பெட்டியில் சுவர்க்கோழியோடு ஒரே அறையில் கிடக்க வேண்டும்.

என் மெக்சிகன் ரெட்-னீ டரான்டுலா அப்படித்தான் செத்துப்போனாள். ஊருக்குக் கிளம்பும் அவசரத்தில் இரண்டு சுவர்க்கோழியை விட்டுவிட்டேன். திரும்பி வந்தபோது மல்லாந்து கிடந்தாள். பழைய சட்டை பாதி கழன்றிருந்தது, பற்கள் பால் போல வெள்ளை. அந்தப் பல்லால் எதையும் கடிக்க முடியாது. ஒரு சுவர்க்கோழி அவள் கால் மூட்டைத் தின்றுகொண்டிருந்தது. பதினோரு வருடம் வளர்த்தவள்.

மண்வளை:
வருத்தமாக இருக்கிறது. சரி, கருத்த வயிறு என்றால் எடுக்கத்தான் வேண்டும், நான் அதைக் கவனிக்கவில்லை. ஆனால் இதையே எல்லாருக்கும் விதியாக்காதீர்கள். குஞ்சுகளுக்கு நாலைந்து நாளுக்கொரு முறை இரை வேண்டும். பயந்து பயந்து எடுத்தால் வளர்ச்சி நின்றுபோகும்.

வெண்பல்:
குஞ்சுக்குக் கொன்ற இரையின் துண்டு போதும், செத்த இரை திருப்பிக் கடிக்காது. பெரியதற்கு இந்த அவசரமே இல்லை. சிலியன் ரோஸ் மாதக்கணக்கில் சாப்பிடாமல் இருப்பது வளர்ப்பவர்கள் எல்லாருக்கும் தெரிந்தது.

எலியை ஒப்பவே மாட்டேன். டரான்டுலா மென்று விழுங்காது, செரிமான நீரை விட்டுக் கரைத்து உறிஞ்சும். எலும்பும் தோலும் மிஞ்சி ஈர மண்ணில் அழுகும், உண்ணிப்பூச்சி வரும். அளவுக்கு மீறி வயிறு பெருத்தது கண்ணாடியில் ஏறி அரையடி உயரத்திலிருந்து விழுந்தாலும் வயிறு கிழியலாம்.

சாப்பாட்டை விடத் தண்ணீரைப் பாருங்கள். அது காலை நீட்டுவதே உடல் திரவத்தின் அழுத்தத்தால்தான். கால்கள் உள்பக்கமாகச் சுருண்டால் உடனே கவலைப்படுங்கள்.

மண்வளை:
எலி விஷயத்தில் விட்டுக்கொடுக்கிறேன். உரிக்கப் போகாத, வயிறு ஒட்டிய சிலந்திக்கு ஓர் இரவாவது இரையை விடலாம் என்பதில் மாற்றமில்லை.

குளிர்வாசல்:
ஒன்றை எடுத்துவிட்டேன். இன்னொன்று மரப்பட்டைக்கு அடியில் போய்விட்டது. உரித்த பிறகு எப்போது போடலாம்?

வெண்பல்:
பல் வெள்ளையிலிருந்து சிவந்து, முழுக்கக் கருத்த பிறகு. பெரியதற்கு இரண்டு வாரம் பொறுங்கள். முதலில் அந்தப் பட்டையைத் தூக்குங்கள்.

குளிர்வாசல்:
தூக்கினேன். அவள் பின்காலுக்கு ஓர் அங்குலம் தள்ளி உட்கார்ந்திருந்தது. எடுத்தாயிற்று, தண்ணீர்க் கிண்ணத்தையும் நிரப்பிவிட்டேன்.