பழைய பத்மினி கதவு: ஒடுக்கு எடுத்தவர்கள் உதவுங்களேன்

வணக்கம் நண்பர்களே. அப்பா ஓட்டிய 1986 பிரீமியர் பத்மினி காரை வீட்டு ஷெட்டிலேயே பெயிண்டுக்குத் தயார் செய்கிறேன். ஒரு இடத்தில் மாட்டிக்கொண்டேன்.

இடது பின்கதவில் பழைய பட்டியை (பள்ளத்தை நிரப்பப் பூசும் பசை) சுரண்டினால் அரை விரல் கனத்துக்குப் பெயர்ந்து வந்தது. யாரோ ஒடுக்கை எடுக்காமலே அப்பி மூடியிருக்கிறார்கள். (திட்டி முடித்துவிட்டேன்.) உள்ளே டாலி (தட்டும்போது பின்னால் தாங்கும் இரும்புக் கட்டை) வைத்து வெளியே சுத்தியலால் தட்டி ஓரளவு சமமாக்கிவிட்டேன். நடுவில் உள்ளங்கை அளவு இடம் மட்டும் அழுத்தினால் 'டபக்'கென்று உள்ளே போய்த் திரும்ப வருகிறது. தகடு நீண்டுவிட்டது போல. காசு அளவுக்குச் சிவக்கச் சூடாக்கி, ஈரத்துணியால் ஒற்றினால் சுருங்கும் என்கிறார் பக்கத்துத் தெரு டிங்கர். கதவுத் தகட்டில் இப்படிச் செய்தவர்கள் உண்டா? கேஸ் டார்ச் எனக்குப் புதிது. மொத்தக் கதவும் நெளிந்துவிடுமோ என்று பயம்.

இன்னொன்று. 80 நம்பர் பேப்பரில் தேய்த்து வெறும் தகடாக நிற்கிறது. எபாக்ஸி பிரைமர் (துரு பிடிக்காமல் காக்கும் அடிப்பூச்சு) அடித்து அதன்மேல் பட்டியா, நேராகத் தகட்டிலேயே பட்டியா? பட்டி ஈரத்தை உறிஞ்சும் என்பதால் தண்ணீர் விட்டுத் தேய்க்கப் போவதில்லை.

ஐப்பசி மழைக்கு முன்னால் பிரைமராவது அடித்தாக வேண்டும். கோவைப் பக்கம் நேரில் வந்து பார்க்க முடிந்தவர்கள் சொல்லுங்கள், டீயும் வடையும் என் செலவு.