பெரணி இலைகளின் நீல அச்சு தாவரவியல் பதிவாகுமா?

கேள்வி (ஏற்காடு, பள்ளி ஆசிரியை): சேர்வராயன் மலைச் சரிவில் உதிர்ந்து கிடக்கும் பெரணி இலைகளைக் கொண்டு மாணவர்களுடன் சூரிய ஒளியில் நீல அச்சுகள் (ஒளிபட்டால் நீலமாகும் வேதிப்பூச்சுத் தாளில் பதியும் சயனோடைப் படங்கள்) எடுக்க விரும்புகிறேன். அவை அழகுக்கு மட்டும்தானா, அறிவியல் பதிவாகவும் பயன்படுமா?

பதில் (சேலம்): அம்மா, தாவரப் பதிவுக்கு இம்முறை தொடக்கத்திலேயே பயன்பட்டது. 1842-இல் ஆங்கிலேய அறிவியலாளர் ஜான் ஹெர்ஷல் இதைக் கண்டறிந்தார். மறு ஆண்டே ஆங்கிலேயத் தாவரவியலாளர் அன்னா அட்கின்ஸ், படங்களின்றி வெளிவந்திருந்த தாவரவியலாளர் ஹார்வியின் கடற்பாசி நூலுக்குத் துணையாக, உலர்ந்த பாசிகளைத் தாளின்மேல் நேரடியாக வைத்து அச்சிடத் தொடங்கி, 1853 வரை பகுதி பகுதியாக வெளியிட்டார். அத்தனை நுண்ணிய இழைகளைக் கையால் பிழையின்றி வரைவது கடினம் என்பதே அவர் சொன்ன காரணம். விளக்க எழுத்துகளையும் தம் கையெழுத்திலேயே நீல அச்சாக்கினார். அந்தப் பொறுமை என்னை இன்றும் வியக்க வைக்கிறது.

மற்றொரு பதில் (ஏற்காடு): அச்சில் கிடைப்பது இலையின் உண்மையளவு வடிவம் மட்டுமே, நிறமும், பெரணிகளை அடையாளம் காண உதவும் அடிப்புற வித்துக்கூடுகளின் அமைப்பும் அதில் தெளிவாகத் தெரியா. ஆகவே உலர் மாதிரியையும் சேர்த்து வைத்து, இடம், தேதி, கடல்மட்டத்திலிருந்து அந்த இடத்தின் உயரம் மூன்றையும் குறியுங்கள். மூடுபனி நாள்களில் கூடுதல் நேரம் வெயிலில் வைக்க வேண்டியிருக்கும்.

கேட்டவர்: மிக்க நன்றி. இரண்டையும் ஒரே தாளேட்டில் சேர்த்து வைக்கிறோம்.