புதுப்பிப்பு: வலப்புறம் அனுப்பினால் மந்தையைப் பிளந்த பார்டர் கோலி

கொடைக்கானல் அருகே மன்னவனூரில், நாய் ஆடுகளைச் சுற்றி வளைத்து ஓட்டிவரும் ஆட்டுநாய்ப் போட்டி முறைப்படி நான் பழக்கிவரும் 2 வயது பார்டர் கோலி (ஆடு மேய்க்கும் நாயினம்), இடப்புறம் அனுப்பினால் அகலமாகச் சுற்றிச் செல்வதும், வலப்புறம் அனுப்பினால் குறுக்கே பாய்ந்து மந்தையைப் பிளப்பதும் ஏன் என்று இரண்டு மாதங்களுக்கு முன் இங்கே கேட்டிருந்தேன். பதிலளித்த அனைவருக்கும் நன்றி.

நீளக் கயிறு கட்டும் யோசனை உதவவில்லை. கயிறு புதரில் சிக்கியதுதான் மிச்சம். பலன் தந்தது, நாய்க்கும் ஆடுகளுக்கும் நடுவில் நானே நின்றுகொண்டு, அது உள்நோக்கி வளையும் கணத்தில் அதன் தோளை நோக்கி நடந்து வெளியே ஒதுக்கும் முறையே. 20 மீட்டரில் தொடங்கி, சுற்று சீரான பிறகே தொலைவைக் கூட்டியதால், ஆறாவது வாரத்தில் 150 மீட்டர் வரை அகலமாகச் சுற்றி, ஆடுகளைக் கலைக்காமல் அவற்றின் பின்புறம் சென்று நின்றது. (போட்டியின் மொத்தம் 100 மதிப்பெண்ணில் இந்தச் சுற்றோட்டத்துக்கு மட்டும் 20 என்பதால், இதற்கு இத்தனை நாள் செலவிட்டதில் எனக்கு வருத்தமில்லை.)

எதிர்பாராத ஒன்று: எங்கள் புல்வெளியின் வலப்பக்கம் செங்குத்தான மேடு. சமதளத்துக்கு மாற்றிய அன்றே பாதிப் பிழை மறைந்தது. ஆகவே இதே சிக்கல் உள்ளவர்கள் முதலில் நிலத்தின் சாய்வைப் பாருங்கள். மூடுபனியில் குரலைவிட விசில் தெளிவாக எட்டுகிறது என்பதையும் அப்போதுதான் கண்டேன்.

ஆடுகளைப் பட்டியில் அடைப்பது இன்னும் கைகூடவில்லை. அதைத் தனியாகக் கேட்கிறேன்.