முதுகுப் பையை ரைஃபிளுக்குத் தாங்கலாக வைப்பவர்கள் கொஞ்சம் சொல்லுங்கள்

நியூசிலாந்து தெற்குத் தீவில் தார் ஆட்டு வேட்டைக்குப் போகிறவர்கள் இங்கே யாராவது இருக்கிறீர்களா? 1904-இல் கொண்டுவந்து விட்ட இமயமலை ஆடுகள், நிற்பதெல்லாம் செங்குத்துச் சரிவில்தான். அங்கே பைபாட் (ரைஃபிளின் முன்பக்கம் மாட்டும் இரட்டைக்கால் தாங்கி) சரியாக ஊன்றுவதில்லை, அதனால் முதுகுப் பையைப் படுக்கப் போட்டு அதன்மேல் ரைஃபிளின் முன்கட்டையை (குழலுக்கு அடியில் இருக்கும் பகுதியை) வைத்துச் சுடுகிறேன். குழல் பையில் படாமல் பார்த்துக்கொள்கிறேன், ஆனாலும் உள்ளே இருக்கும் அலுமினியச் சட்டத்தின்மேல் கட்டை உட்கார்ந்துவிட்டால் துப்பாக்கி துள்ளி குண்டு மேலே போய்விடுகிறது. நடுவில் ஜாக்கெட்டைச் சுருட்டி வைத்தால் பரவாயில்லை.

அப்புறம் தோளில் அணைக்கும் பின்கட்டைதான் பெரிய தலைவலி. அடியில் தாங்கல் இல்லாததால் மூச்சுக்கு மூச்சு குறி ஏறி இறங்குகிறது. காயத்தோடு ஓடிப்போய்ப் பாறையிடுக்கில் கிடந்து சாகிற ஆட்டை நினைத்தால் விசையைத் தொடவே மனசு வரவில்லை. பின்னால் நீங்கள் என்ன வைக்கிறீர்கள்? கீழ்நோக்கிச் சுடும்போது பையை நிமிர்த்தி வைப்பதா, படுக்க வைப்பதா?