வேப்பமரத்து வீடு வாட்ஸ்அப் குழு, 2020 செப்டம்பர்: செல்வி அத்தை கணக்கில் 4,000

செல்வி அத்தை: யாராவது விழித்திருக்கிறீர்களா? என் பேங்க் அக்கவுண்டில் 4,000 குறைகிறது. மெசேஜ் வந்தது

பிரபு: அம்மா, ஓடிபி யாருக்காவது சொன்னாயா

செல்வி அத்தை: சத்தியமாக இல்லை

ராஜி சித்தி: விவசாயிகளுக்குப் போடும் பி.எம். கிசான் பணமாக இருக்கும் அண்ணி. எங்கள் தெருவிலும் தகுதி இல்லை என்று இப்படித்தான் திரும்ப எடுத்துவிட்டார்கள்

செல்வி அத்தை: அது கொரோனா பணம் ஆயிற்றே

பிரபு: எந்தக் கொரோனா பணம்??

செல்வி அத்தை: ஊரடங்கில் கம்ப்யூட்டர் சென்டர் பையன் வீடு வீடாக வந்தான். ஆதார், பாஸ்புக் ஜெராக்ஸ் கொடுத்தால் கொரோனாவுக்குப் பணம் ஏறும் என்றான். 500 வாங்கிக்கொண்டான். இரண்டு தடவை 2,000 ஏறியது

பெரியப்பா: அனைவருக்கும் காலை வணக்கம். செல்வி, நிதானமாகப் படி. பி.எம். கிசான் கொரோனா நிவாரணம் அல்ல. 2019 பிப்ரவரியில் மத்திய அரசு விவசாயிகளுக்காகத் தொடங்கிய உதவித் திட்டம். வருடத்துக்கு 6,000, மூன்று தவணை. ஊரடங்கு வந்ததும் ஒரு தவணையை ஏப்ரலிலேயே முன்கூட்டிக் கொடுத்தார்கள், அதை ஊரே கொரோனா பணம் ஆக்கிவிட்டது. 2019 பிப்ரவரி 1 அன்று நம் பெயரில் நிலம் இருந்திருக்க வேண்டும். வருமான வரி கட்டுபவர், அரசு ஊழியர், மாதம் 10,000, அதற்கு மேல் பென்ஷன் வாங்குபவர், இவர்களுக்குக் கிடையாது. நம் கள்ளக்குறிச்சி, விழுப்புரம், கடலூர் பக்கம் வேளாண் துறை பாஸ்வேர்டு வெளியே போய், நிலமே இல்லாதவர்களை எல்லாம் விவசாயி என்று ஏற்றிவிட்டார்கள். 110 கோடி ரூபாய் மோசடி என்று துறைச் செயலர் ககன்தீப் சிங் பேடியே சொல்லியிருக்கிறார். சிபிசிஐடி விசாரிக்கிறது. ஆகவே

பெரியப்பா: ஆகவே எடுத்தது சரிதான். நிலமில்லாத நீ எப்படி விவசாயி ஆவாய்?

செல்வி அத்தை: நிலம் ஏன் இல்லை என்று உனக்குத் தெரியாதா அண்ணா

ராஜி சித்தி: ஆரம்பித்தாயிற்று

பெரியப்பா: பழைய கதை எதற்கு. உன் கல்யாணத்துக்கு அப்பா 20 பவுன் போட்டார்

செல்வி அத்தை: பதினெட்டு

முருகன் சித்தப்பா: உழுகிறவன் நான். மக்காச்சோளத்தில் படைப்புழு. குருத்தைப் பிரித்தால் உள்ளே முழுக்கப் புழுக்கை. மூன்றாம் தடவையாக மருந்து அடிக்கிறேன். எனக்கு ஒரு பைசா ஏறவில்லை. பட்டா பெயரில் இல்லையாம்

பிரபு: அப்போது நம் நிலத்துக்கான தவணை?

முருகன் சித்தப்பா: பட்டா யார் பெயரில் இருக்கிறதோ அவரைக் கேள்

அனிதா அக்கா: அப்பா, ஏப்ரலில் உங்களுக்கு 2,000 வந்ததாக அம்மா சொன்னாளே

பெரியப்பா: பட்டா இருப்பதால் அவர்களாகவே போட்டது

முருகன் சித்தப்பா: கேட்காமலே போட அவர்கள் என்ன உங்கள் மாமனாரா

அனிதா அக்கா: உங்கள் பென்ஷன்?

பெரியப்பா: கபசுரக் குடிநீர் காய்ச்சும் முறை. 5 கிராம் பொடிக்கு ஒரு டம்ளர் தண்ணீர், கால் பங்காக வற்றும்வரை கொதிக்கவிடவும். அனைவருக்கும் பகிரவும்

பிரபு: 😂😂

ராஜி சித்தி: பிரியா வளைகாப்பை முதலில் முடிவு செய்யுங்கள். ஆவணி முடியப் போகிறது. கொரோனாவால் 50 பேருக்குள் என்றால் யாரை விடுவது?

பிரபு: நாங்கள் மாவட்டம் தாண்டி வர இ-பாஸ் வேண்டுமா

அனிதா அக்கா: 1ஆம் தேதியோடு எடுத்துவிட்டார்கள். ஊட்டி, கொடைக்கானல் போனால்தான்

செல்வி அத்தை: என்னைப் போலீஸ் கூப்பிடுமா? யாருமே சொல்லவில்லை

பிரபு: பணம்தான் திரும்பப் போய்விட்டதே அம்மா. பாஸ்புக்கில் என்ட்ரி போட்டு வை

முருகன் சித்தப்பா: திங்கட்கிழமை வேளாண் ஆபீஸ் போகிறேன். அக்கா வரட்டும். அண்ணனும் பட்டாவோடு வரட்டும்

பெரியப்பா: திங்கள் எனக்கு முழங்கால் டாக்டர்

ராஜி சித்தி: செவ்வாய்?

பெரியப்பா: செவ்வாய் நல்ல காரியத்துக்கு ஆகாது

அனிதா அக்கா: பணத்தைத் திருப்பிக் கட்டுவது நல்ல காரியத்தில் சேர்த்தியா அப்பா

செல்வி அத்தை: அந்தப் பையன் வாங்கிய 500?

ராஜி சித்தி: கடையைப் பூட்டிக்கொண்டு போய்விட்டான் அண்ணி. சரி, வளையல் யார் வாங்குகிறீர்கள்?

முருகன் சித்தப்பா: அண்ணன் வாங்கட்டும். கையில் 2,000 இருக்கிறதே